உப்பு வரும் முன்னே ஒரு கோடு

கடலிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஓர் ஆழ்துளைக் கிணறு. அதற்குள் கயிற்றில் கட்டிய குப்பியை முதன்முதலாக இறக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே எடுத்த நீரில் மின்கடத்துதிறன் மீட்டரை வைத்தோம். தண்ணீரில் உப்பு கூடக் கூட அது காட்டும் எண்ணும் கூடும். 740 மைக்ரோசீமென்ஸ். நல்ல குடிநீர். குப்பியை இன்னும் பதினைந்து மீட்டர் இறக்கி எடுத்தோம். 6,000ஐத் தாண்டியது. நாக்கில் வைத்தால் கரித்தது. ஒரே குழாய்தான். மேலே ஒரு தண்ணீர், கீழே வேறொரு தண்ணீர்.

அந்தக் கடலோரக் குடியிருப்புக்கு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான நீர்த் திட்டம் தீட்டும் குழுவில் நானும் ஒரு ஆள். பொறியியல் படித்தவன் இல்லை. அளந்து எழுதுவதும், எழுதியதைக் கூட்டத்தில் படித்துக் காட்டுவதும்தான் என் வேலை. நான்கு ஆண்டுகளாக மாதம் ஒருமுறை அந்தக் கயிற்றை இறக்குகிறேன். இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடலோரத்தில் நீர்த் திட்டம் என்ற பெயரில் நடக்கும் பேச்சுகளில் பெரும்பாலானவை, மண்ணுக்கடியில் நடப்பதைப் பார்க்காமலே நடக்கின்றன. எனக்கு அது பெரிய கவலையாக இருக்கிறது.

முதலில் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நன்னீர் கடல்நீரைவிட எடை குறைவு. ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ என்றால், அதே அளவு கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிலோ. அதனால் கடலோர மண்ணுக்குள் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. இந்த 25 கிலோ வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 40 என்ற எண் கிடைக்கும். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும். நெதர்லாந்தின் இராணுவப் பொறியாளர் படோன் கைபன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியாக இதை எழுதிவைத்தார்கள். நிஜத்தில் நன்னீருக்கும் உப்புநீருக்கும் நடுவே கத்தியால் வெட்டினாற்போல் எல்லை இருக்காது. இரண்டும் கலந்த ஒரு பட்டை இருக்கும். மண்ணின் தன்மை மாறினால் கணக்கும் கொஞ்சம் மாறும். ஆனாலும் அடிப்படை இதுதான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியில் உப்பு காலப்போக்கில் 20 மீட்டர் மேலேறி வரும். அதுவும் மோட்டார் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே கூம்பு போல எழும்பும். உள்நாட்டில் கிணறு வற்றினால் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார்கள். கடலோரத்தில் ஆழமாகத் தோண்டுவது உப்பைத் தேடிப் போவதற்குச் சமம். உள்நாட்டுப் பழக்கத்தை அப்படியே கரைக்குக் கொண்டுவந்து கெட்டுப்போன கிணறுகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு உப்பு கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீராக இருந்தால் போதும், லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். கரைந்த உப்புகள் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்கெனவே 400 இருக்கும் கிணற்றுக்கு அந்த இரண்டு குடம் போதும். வந்த உப்பு வெளியேற வேண்டுமென்றால் மேலிருந்து மழைநீர் இறங்கித் தள்ள வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சில இடங்களில் ஒரு தலைமுறையே ஆகும்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். அலை கிணறுகளுக்குள் கடல்நீரையும் சேற்றையும் நிரப்பிவிட்டுப் போனது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு மோட்டார்களைக் கொண்டுவந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்பு குறையவில்லை. சில இடங்களில் கூடியது. மேலே கிடந்த உப்பை எடுக்கப்போய், மெல்லிய நன்னீர்ப் படலத்தைக் காலி செய்து, அடியில் இருந்த உப்பை மேலே இழுத்துவிட்டார்கள். அதிகம் இறைக்காதீர்கள், மழைக்குக் காத்திருங்கள் என்ற அறிவுரை பிறகுதான் வந்தது. பெரும்பாலும் மழைதான் அந்தக் கிணறுகளைத் தேற்றியது. உழைப்பும் அக்கறையும் குறையவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்ற தகவல் மட்டும்தான் அவர்கள் கையில் இல்லை.

சரி, எங்கள் குழுவின் கதைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் கையில் எடுத்தது வெளியார் ஒருவர் தயாரித்துக் கொடுத்த அறிக்கை. தடிமனான அறிக்கை. மக்கள்தொகையை ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கி, 2050இல் தினசரித் தேவை இவ்வளவு என்று ஓர் எண் போட்டிருந்தது. மழைக்கு ஆண்டுச் சராசரி, கடல்மட்டத்துக்கும் ஓர் எண். இவற்றை வைத்து ஒரு பெரிய ஆலை கட்டச் சொன்னது. உப்பு இப்போது எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. கூட்டத்தில் அதைக் கேட்டபோது, "அது அடுத்த கட்டத்தில்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. நோயாளியின் நாடி பார்க்காமல் முப்பது ஆண்டுக்கு மருந்து எழுதிக் கொடுத்ததாகத்தான் எனக்குப் பட்டது.

அந்த அறிக்கையின் அடிப்படைக் கோளாறு என்னவென்று பிறகு யோசித்துப் பார்த்தேன். வருங்காலம் ஒற்றை எண்ணாக வரும் என்று அது நம்பியிருந்தது. கடல்மட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகத்தில் ஏறியது. 2100க்குள் எவ்வளவு என்று கேட்டால், பசுமைக்குடில் வாயுக்களின் வெளியேற்றம் மிகக் குறைந்தால் 28 முதல் 55 செ.மீ., மிக அதிகமானால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை என்று ஒரு வீச்சைத்தான் அவர்கள் தருகிறார்கள். மழையும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு 1970களிலிருந்து மழை கணிசமாகக் குறைந்தது. ஆனால் அணைகளுக்கு ஓடிவரும் நீர் அதைவிடப் பல மடங்கு குறைந்தது. காய்ந்த மண் முதலில் தான் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். பழைய சராசரியை நம்பியிருந்தால் அந்த நகரம் தவித்திருக்கும். 2006இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அவர்கள் தொடங்கியதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது.

எண் தெரியாவிட்டால் திட்டமே போட முடியாதா? முடியும். லண்டனில் இதைச் செய்திருக்கிறார்கள். 1953 வடகடல் வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோரும் இறந்தார்கள். அதன் விளைவாகத் தேம்ஸ் ஆற்றில் கட்டப்பட்ட தடுப்பு 1982இல் செயல்பாட்டுக்கு வந்தது. அந்தத் தடுப்புக்குப் பிறகு என்ன என்று யோசித்து, 2100 வரைக்குமான ஒரு திட்டத்தை 2012இல் வெளியிட்டார்கள். இந்த ஆண்டில் இதைக் கட்டு என்று அந்தத் திட்டம் மொட்டையாகச் சொல்லவில்லை. கடல்மட்டம், ஆற்றின் உச்ச வெள்ளம், தடுப்பின் நிலைமை போன்ற அடையாளங்களைத் தொடர்ந்து கண்காணிக்கச் சொல்கிறது. அவை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறினால் அடுத்த வேலையை முன்னுக்கு இழுக்கலாம், மெதுவாக ஏறினால் தள்ளிப் போடலாம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த முறையை வளர்த்து, ரயில் பாதை வரைபடம் போல வரைந்து காட்டுகிறார்கள். ஒரு பாதையில் போய்க்கொண்டிருக்கும்போதே, எந்த இடத்தில் அடுத்த பாதைக்கு மாறலாம், எந்த இடத்துக்குப் பிறகு மாறவே முடியாது என்பதெல்லாம் அதில் தெரியும்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளத்துக்கு அவர்கள் செய்ததை நாங்கள் உப்புக்குச் செய்யலாமே என்று தோன்றியது. நான் அந்தக் குழுவில் சொல்லிவருவது முழுக்க இந்த ஒரே விஷயம்தான். வருடத்துக்குத் திட்டம் போடாதீர்கள், அளவுக்குப் போடுங்கள். இன்ன கிணற்றில், இன்ன ஆழத்தில், இன்ன எண் வந்தால் இன்னது செய்வோம் என்று இன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும். எண் வந்த பிறகு கூட்டம் போட்டால், பயம் ஒரு பக்கமும் பணம் ஒரு பக்கமும் இழுக்கும்.

நாங்கள் இரண்டு கோடுகளுக்குப் பெயர் வைத்தோம். ஒன்று தாங்கும் கோடு. அதற்கு மேல் உப்பு ஏறினால் அந்தக் கிணறு குடிக்க உதவாது. எங்கள் அளவைக் கிணற்றுக்கு அது 1,500 மைக்ரோசீமென்ஸ் என்று வைத்தோம். கரைந்த உப்புக் கணக்கில் லிட்டருக்கு சுமார் 960 மில்லிகிராம் வரும். மற்றொன்று தொடங்கும் கோடு. பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மாற்று ஏற்பாடு எதுவாக இருந்தாலும், நிலம் பார்த்து, ஆய்வு செய்து, மக்களிடம் பேசி, பணம் புரட்டி, கட்டி முடித்துத் தண்ணீர் வர எங்கள் கணக்கில் ஆறு ஆண்டுகள் ஆகும். எண் ஆண்டுக்கு 60 வீதம் ஏறுகிறது. ஆறு ஆண்டுக்கு 360. நடுவில் ஒரு மோசமான வறட்சி வந்தால் கூடுதலாக 140 ஏறலாம் என்று வைத்தோம். 1,500இலிருந்து இரண்டையும் கழித்தால் 1,000. ஆக, 1,000ஐத் தொட்ட அன்றே வேலை தொடங்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் இன்னும் இனிப்பாகத்தான் இருக்கும். யாருக்கும் அவசரம் தெரியாது. அப்போதே தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கைக் கூட்டத்தில் ஒத்துக்கொள்ள வைக்க எட்டு மாதம் ஆனது.

நடுவில் ஒரு பிழையும் நடந்தது. முதல் ஆண்டு எங்கள் எண்கள் தாறுமாறாகக் குதித்தன. ஒரு மாதம் நீர்மட்டம் உயரும், அடுத்த மாதம் விழும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நாங்கள் கடல் ஏற்றத்தைக் கவனிக்காமல் போய் அளந்திருந்தோம். கரையை ஒட்டிய மணலில் கடல் ஏறும்போது கிணற்று நீரும் கொஞ்சம் ஏறும், இறங்கும்போது இறங்கும். எல்லா மாதமும் ஏற்றத்தின் ஒரே நிலையில் அளக்கத் தொடங்கிய பிறகுதான் கோடு நேரானது. அந்த முதல் ஆண்டு எண்களை நாங்கள் அழிக்கவில்லை. பக்கத்தில் காரணத்தை எழுதி அப்படியே வைத்திருக்கிறோம். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

மீட்டர் வருவதற்கு முன்பே அளந்துகொண்டிருந்தவர்களும் இருக்கிறார்கள். கடலுக்கு மிக அருகில் இருக்கும் வீடுகளில் தினமும் தண்ணீர் எடுக்கும் பெண்கள். ஒரு வயதான அம்மா என்னிடம், "மழை நின்னு மூணு மாசத்துல மாறும் தம்பி. முதல்ல சோப்பு நுரைக்காது, அப்புறம்தான் நாக்குக்குத் தெரியும்" என்றார். அவர் சொன்ன வரிசைப்படியே எங்கள் எண்களும் வந்தன. திட்டக் கூட்டங்களில் இவர்களுக்கு நாற்காலி கிடைப்பதே அரிது. ஆனால் உப்பு முதலில் தட்டுவது இவர்கள் வீட்டுக் கதவைத்தான். உள்ளே தள்ளி, பெரிய மோட்டார் வைத்திருப்பவர் இறைக்கும் தண்ணீரின் விலையைக் கரையோரத்து வீடு கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதால் இது அநியாயம் என்று யாருக்கும் உறைப்பதில்லை. எங்கள் கோடுகளில் முதல் நடவடிக்கையாக மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பதை வைத்ததற்குக் காரணம் இதுதான். ஆலை எதுவும் வேண்டாம். மறுநாளே செய்யலாம்.

சரி, தொடங்கும் கோடு வந்தால் எதைத் தொடங்குவது?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கடல்நீரைக் குடிநீராக்குவது. நான் அதற்கு எதிரி இல்லை. மழையை நம்பாத ஒரே ஊற்று அதுதான். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். நூறு லிட்டர் கடல்நீரை உள்ளே விட்டால் நாற்பதுக்கு மேல் கொஞ்சம்தான் குடிநீராக வரும். மீதி, ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்பும். அதை எங்கே, எப்படி விடுகிறோம் என்பது மீனுக்கும் மீனவருக்கும் உயிர்ப் பிரச்சினை. இன்னொன்றும் உண்டு. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இப்படிப்பட்ட ஆலையில் தீப்பிடித்தது. சுமார் ஒரு லட்சம் பேருக்குத் தண்ணீர் நின்றுபோனது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. மாலேயின் நிலத்தடி நன்னீர் அதற்கு வெகுகாலம் முன்பே தீர்ந்து, கெட்டுப்போயிருந்தது. திரும்பிப் போகக் கிணறு இல்லை. ஆலை கட்டினாலும் கிணற்றைக் காப்பாற்று என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வேறு விதமான பாடம் கிடைத்தது. நீண்ட வறட்சியில் முடிவெடுத்துக் கட்டிய ஆலை 2012 இறுதியில் தயாரானபோது வறட்சி முடிந்திருந்தது. நகரம் கேட்டு வாங்கிய தண்ணீர் 2017இல்தான் அதிலிருந்து வந்தது. அதுவரை அதற்கான பணத்தை மக்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அது உதவியது உண்மை. ஆனாலும் பயத்தின் உச்சத்தில் எடுத்த முடிவு எவ்வளவு கனமானது என்பதை அது காட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் இருக்கிறது. அங்கும் அதிகமாக இறைத்து, பழைய ஆற்றுப் படுகையின் வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர்கள் கரைக்கு இணையாக வரிசையாகக் கிணறுகள் தோண்டி, அவற்றில் தண்ணீரை உள்ளே செலுத்தினார்கள். மண்ணுக்குள் நன்னீரால் ஒரு மேடு உண்டாகும். அந்த மேட்டைத் தாண்டிக் கடலால் வர முடியாது. செங்கல்லும் சிமெண்டும் இல்லாத ஒரு மதில். 1976இலேயே சுத்திகரித்த கழிவுநீரை இதற்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். 2008 ஜனவரியில் பெரிய அமைப்பைத் திறந்தார்கள். கழிவுநீர் நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல் (அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளி உப்பைப் பிரிப்பது), புற ஊதாக்கதிர் என்று மூன்று கட்டமாகச் சுத்தமாகிறது. ஒரு பகுதி கடலோர மதிலுக்குப் போகிறது, மீதி உள்நாட்டுக் குளங்கள் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. நாளுக்கு 26 கோடி லிட்டராகத் தொடங்கியது 2023இல் சுமார் 49 கோடி லிட்டராக வளர்ந்தது.

அதில் என்னைக் கவர்ந்தது இயந்திரங்களைவிட அந்த ஒப்பந்தம்தான். நிலத்தடி நீரைப் பார்க்கும் அமைப்பும் கழிவுநீரைப் பார்க்கும் அமைப்பும் சேர்ந்து செலவு செய்தன. கழிவுநீர் அமைப்பு கடலுக்குள் இன்னொரு பெரிய வெளியேற்றுக் குழாய் போட வேண்டியிருந்தது. இந்தத் திட்டத்தால் அந்தச் செலவு மிச்சமானது. ஒருவருக்குப் பாரமாக இருந்தது மற்றவருக்கு மூலதனமாயிற்று. கட்டுவதற்கு முன்பே பல ஆண்டுகள் மக்களிடம் போய்ப் பேசினார்கள். பக்கத்திலேயே சான் டியாகோ நகரில் 1990களில் இதே மாதிரித் திட்டம் மக்கள் எதிர்ப்பில் நின்றுபோயிருந்தது. பிறகு பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நகரம் மறுபடி இந்த வழிக்கு வந்தது. ஆறு ஆண்டுகள் என்று நாங்கள் போட்ட கணக்கில் ஏறக்குறைய பாதி இந்தப் பேச்சுக்கான காலம்தான். பேச்சுக்கு ஒதுக்கும் காலத்தை வீண் என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துச் சொல்வேன்.

மணல் மேடுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆம்ஸ்டர்டாம் 1853இலிருந்து கடலோர மணல் மேடுகளின் அடியில் இருந்து தண்ணீர் எடுத்தது. அளவுக்கு மீறி எடுத்ததில் அங்கும் உப்பு மேலேறியது. 1957இலிருந்து ரைன் ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து அதே மணலில் இறக்கி, மணல் வடிகட்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். கெட்டுப்போன ஒன்றை நகரம் திரும்பச் சீர்செய்துகொண்ட கதை அது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்களுடைய மணல் மேடு இன்னும் மேடாகவே இருக்கிறது. மணலை அள்ளி விற்றுவிட்டு, மேட்டைச் சமப்படுத்தி வீடு கட்டிவிட்ட கரைக்கு இந்த வாய்ப்பே கிடையாது. மணல் மேடு ஒன்று கரையும்போது மழைநீர் நிற்கும் உயரம் போகிறது. உயரம் ஒரு மீட்டர் போனால் அடியில் நாற்பது மீட்டர் போகிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, மணல் லாரி ஒன்று போவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளமும் தட்டுப்பாடும் இரண்டு வேறு துறைகள் என்று பிரித்து வைத்திருப்பதுதான் கடலோரத்தின் பெரிய சோகம். மழைநீர் வடிகால் போடுகிறவர்களுக்குத் தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் கடலில் சேர்க்கிறோம் என்பதே வெற்றி. மூன்று மாதம் கழித்து லாரியில் தண்ணீர் அனுப்புவது வேறொருவர் வேலை. நூறு சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர் விழுகிறது. அதில் பாதி மண்ணுக்குள் இறங்கினாலும் நம் மதிலுக்கு அது ஒரு கல். கடல் உயர உயர வடிகாலின் வாய் மூழ்கியிருக்கும் நேரமும் கூடும். வற்றத்தின்போது மட்டும்தான் தண்ணீர் தானாக வெளியேறும். அந்த நேரம் சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே தண்ணீரை வழியிலேயே நிறுத்தி வைக்கக் குளமும் தாழ்நிலமும் கட்டாயம் வேண்டும். வெள்ளத்துக்காக வைத்திருக்கும் குளம்தான் வறட்சிக்கான சேமிப்பும். ஒரே நிலம் இரண்டு வேலை செய்யும்.

நிலமே இறங்கும் ஆபத்தும் இருக்கிறது. களிமண் படிவுகள் உள்ள இடங்களில் நிலத்தடி நீரை மிகுதியாக எடுத்தால் மண் அமுங்கும். வட ஜகார்த்தாவில் சில பகுதிகள் சில பத்தாண்டுகளில் 4 மீட்டர் வரை இறங்கியிருக்கின்றன. கடல் ஏறும் வேகம் அதன் முன் சிறிது. டோக்கியோவின் கிழக்குப் பகுதியும் 20ஆம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. ஆனால் அங்கே சட்டம் போட்டு நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், தொழிற்சாலைகளுக்கு மாற்று நீர் கொடுத்தார்கள். இறக்கம் பெருமளவு நின்றது. இறங்கிய நிலம் திரும்ப ஏறவில்லை. அந்த மக்கள் இன்றும் கடல்மட்டத்துக்குக் கீழே, மதில்களுக்குள் வாழ்கிறார்கள்.

தேவையைக் குறைப்பது பற்றிப் பேசினாலே சிலருக்கு முகம் மாறும். கேப்டவுன் நினைவுக்கு வரும். மூன்று ஆண்டு வறட்சிக்குப் பிறகு 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். நகரத்தின் பயன்பாடு மூன்று ஆண்டுக்கு முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே வந்தது. குழாய்கள் நிற்கும் நாள் என்று அறிவித்த நாள் வராமலே போனது. மக்கள் செய்து காட்டினார்கள். ஆனால் வசதியுள்ளவர்கள் தங்களுக்கென்று ஆழ்துளைக் கிணறுகள் போட்டுக்கொண்டார்கள். குழாய் நீரில் சேமித்ததை மண்ணுக்கடியில் எடுத்துக்கொண்டார்கள். கடலோரத்தில் கட்டுப்பாடு என்றால் குழாய்க்கும் கிணற்றுக்கும் சேர்த்துத்தான். எங்கள் வரைவில் எல்லா மோட்டாருக்கும் மீட்டர் என்ற வரி இதனால்தான் வந்தது. அதற்கு எதிர்ப்பு இன்னும் ஓயவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "என் நிலம், என் கிணறு. நீ யார் கேட்க?" என்றார். அவர் மோட்டாரிலிருந்து நானூறு மீட்டரில் இருக்கும் வீட்டுக் கிணற்றின் எண்களை அவர் கையில் கொடுத்தேன். அவர் பேசவில்லை. நோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்.

வரைவு இப்போது அறுபது பக்கத்தில் இருக்கிறது. முதல் இருபது பக்கம் எங்கே, எப்படி, யார் அளப்பது என்பதுதான். ஐந்து அளவைக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் மூன்று ஆழம், ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு பேர். ஒருவர் ஊரை விட்டுப் போனாலும் அளவு நிற்கக் கூடாது. எண்களை மாதந்தோறும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கோடுகளையே திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. 60 என்று நாங்கள் வைத்த ஏற்றம் 90 ஆகலாம், 30 ஆகவும் இறங்கலாம். மோட்டார் நேரத்தைக் குறைத்த பிறகு இறங்கும் என்பது என் நம்பிக்கை. இன்னும் எண் அதைச் சொல்லவில்லை.

போன மாதம் அந்த முதல் கிணற்றில், அதே ஐந்து மீட்டர் ஆழத்தில், மீட்டர் காட்டியது 980. இரண்டு முறை கழுவி மறுபடி எடுத்தோம். 980தான். நோட்டில் 1,000க்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறது. அதைத் தொட்டால் முதல் வாரத்தில் என்ன, முதல் மாதத்தில் என்ன, யார் யாரிடம் போக வேண்டும் என்று எதிர்ப்பக்கத்தில் எழுதி, பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மோட்டார்க்காரரின் கையெழுத்து கடைசியில் இருக்கிறது.

அடுத்த அளவு வரும் சனிக்கிழமை காலை, கடல் வற்றிய பிறகு.